சொந்த வேலை

வரட்டுப்பள்ளம் தாண்டியதும் சோதனைச் சாவடி.
வண்டி எண் என்றார்.
சைக்கிளுங்க என்றேன்.
ஒரு கோடு இழுத்தார்.
பெயர் துளசிமணி, ஊர் அத்தாணி.
போகும் காரணம்?
பேனா காத்திருந்தது.
மேலே ஒறம்பரை யாராச்சும்?
இல்லைங்க.
கோயிலுக்கா?
இல்லைங்க.
'சொந்த வேலை' என்று அவரே எழுதிக்கொண்டார்,
என் மேல் இரக்கப்பட்டவர் போல.

ராத்திரி பூராவும் பர்கூர்ப் பக்கம் இடித்தது.
சித்திரையின் முதல் மழை.
பனி உருகும் மலைகளை டிவியில் பார்த்திருக்கிறேன்.
எங்கள் மலையில் உருகுவதற்குத்
தார் ஒன்றுதான்.
மாசியில் எரிந்து
பங்குனியில் சாம்பலாய்ப் பறந்து
இன்றைக்கு விடிகையில்
கரிந்த மூங்கில் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு.

இரண்டாவது வளைவிலேயே தண்ணீர் எதிரே வந்தது.
அதற்கும் இந்த ஒரு ரோடுதான்.
சருகு, காலிப் பீடிக்கட்டு,
யானை லத்தியில் பாதி,
ஒரு ரப்பர் செருப்பின் இடதுகால்,
எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு
அது இறங்கியது.
நான் ஏறினேன்.
இருவரும் ஓரமாகத்தான் போனோம்.

மஞ்சள் மண்டியில் ஏழு வருசமாய்க் கணக்கு எழுதுகிறேன்.
மூட்டை எண்ணிய பழக்கத்தில்
வளைவுகளையும் எண்ணத் தொடங்கி
பதினொன்றா பன்னிரண்டா என்பதில் விட்டுப்போனது.
சரிபார்க்கத் திரும்பவில்லை.
மூச்சு இருந்தால்தானே.

பிறகு அந்தத் தரைப்பாலம்.
மேலே முழங்கால் ஆழத்துக்குச் செந்தண்ணீர்.
பஸ் நின்றது. மரவள்ளி ஏற்றிய டெம்போ நின்றது.
டெம்போக்கார நாச்சிமுத்து ஓரக்கல்லைக் காட்டினான்:
"அந்த வெள்ளைப் பூச்சு ஒரு விரக்கடை தெரியட்டுங்,
சித்த நேரத்துல வடிஞ்சுரும்."
எல்லோரும் ஒரு கல்லையே பார்த்திருந்தோம்.
கண்டக்டர் சில்லறை எண்ணினார்.
ஒரு குழந்தை பஸ் ஜன்னலில் எச்சிலால் வட்டம் போட்டது.
கல் எதையும் காட்டவில்லை.

பின்னாலிருந்து மணிச்சத்தம்.
சிவப்பில் வெள்ளை தெறித்த பர்கூர் மாடுகள் ஒன்பது,
கோலைத் தோளில் வைத்தபடி ஒருத்தி.
அவள் கல்லைப் பார்க்கவில்லை.
முதல் மாட்டின் முட்டியைப் பார்த்தாள்.
அது நடுவில் நின்று
தலை தாழ்த்தி ஒரு வாய் குடித்தது.
"பா" என்றாள் கன்னடத்தில்.
மாட்டையா, என்னையா, தெரியவில்லை.

சைக்கிளைத் தோளில் தூக்கினேன்.
கடைசி மாட்டின் வாலுக்குப் பின்னால் இறங்கினேன்.
இவ்வளவு குளிரை
இந்த வெயில் காலம் எங்கே ஒளித்து வைத்திருந்தது?
கணுக்கால் எலும்பு வரைக்கும் அது பேசியது.
கூழாங்கற்கள் பாதத்தின் கீழே உருண்டு
இடம் மாற்றிக்கொண்டன.
பாதியில் என் நீலப் பாட்டில் நழுவி
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்
மலையிறங்கிவிட்டது.
பின்னால் நாச்சிமுத்து விசிலடித்தான்,
பாராட்டா, கிண்டலா,
அக்கரை சேர்ந்ததும் இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

உச்சி என்று அங்கே எதுவும் இல்லை.
பலகை இல்லை, காட்சி இல்லை, புதர்தான்.
ஒரு நொடியில் பெடல் காலை விட்டுத் தானே ஓடியது.
அவ்வளவுதான்.
தாமரைக்கரையில் ஒரு டீ,
சர்க்கரை தூக்கலாய்.
மாட்டுக்காரி வந்து சேரவேயில்லை,
எந்தச் சரிவில் ஒதுங்கினாளோ.

இறங்கும்போது பிரேக் நனைந்திருந்தது.
கையை இறுக்கினால் கத்தியது, நிற்கவில்லை.
தரைப்பாலம் மேலே காய்ந்து
நடுவில் ஒரு குளம்பின் தடம்,
அதில் கொஞ்சம் வானம்.

சாவடியில் வேறு ஆள்.
நோட்டில் விரல் ஓட்டிப் படித்தார்.
"சொந்த வேல முடிஞ்சுதுங்களா?"
பாதி என்றேன்.
மீதி என்னவென்று கேட்காமல்
நேரம் போட்டுக் கட்டையைத் தூக்கினார்.

வரட்டுப்பள்ளம் ஏரியில்
நீல நீருக்குள்
நாக்கு நீட்டியதுபோல் ஒரு செம்மண் பட்டை.
காலையில் என் கணுக்காலைத் தாண்டிய தண்ணீர்
எனக்கு முன்னமே வந்து
மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.
பாட்டில் தெரிகிறதா என்று பார்த்தேன்.
ஒரு கொக்கு நின்ற இடத்தில்
ஏதோ நீலமாய் இருந்தது.
போய்ப் பார்க்கவில்லை.
மண்டியில் இரண்டு மணிக்கு ஏலம்.